சித்திரைப் பூரணை இரவில் வல்வெட்டித்துறை: கூட்டாளிகளோடு போனால் எங்கே படுப்பது?

இந்திர விழாவுக்குப் போவது என்று முடிவெடுக்க ஐந்து நிமிடம் போதும். எங்கே படுப்பது என்ற கேள்வியில்தான் கூட்டாளிகளுக்குள் ஒரு கிழமை வாக்குவாதம் நடக்கும். வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் கோயில் தீர்த்தத்தன்று நடக்கிற இந்த விழாவில் ஊர் முழுக்க மின்விளக்கு, பல இடங்களில் மேடை, விடிய விடிய இசைக்குழுக்கள், வானத்தில் புகைக்குண்டுகள் என்கிற பெரிய காகிதப் பலூன்கள். ஒரு மேடையில் பழைய பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, பத்து நிமிடம் நடந்தால் அடுத்த மேடையில் புதுப்பாட்டுக்குப் பெடியள் ஆடுவார்கள். யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். ஆனாலும் பூரணை என்றபடியால் அரச விடுமுறை, கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்கிற காலம். முதல் நாளே போய், சேர்ந்து சமைத்து, சேர்ந்து படுத்து, மறுநாள் கடலில் குளித்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மழையைப் பற்றிக் கதைக்கவேண்டும். ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் அதில்தான் தொங்குகிறது. சித்திரைப் பூரணை ஏப்ரல் நடுப்பகுதிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையில் விழும். எங்கள் குடாநாட்டின் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வருவது. சித்திரை மழை வேறு சாதி. காலையில் வெயில் கொளுத்தும், பின்னேரம் வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வரும், இடி மின்னலோடு ஒரு மணித்தியாலம் கொட்டித் தீர்க்கும், அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல நிலா வெளிக்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் இந்த மழையும் ஒதுங்கிவிடும். சில வருடங்களில் மட்டும் வங்கக்கடலில் மே மாதத் தாழமுக்கம் ஒன்று உருவாகி நாள்கணக்கில் ஊற்றும். 2016 மே நடுவில் ரோனு புயலாக மாறிய தாழமுக்கம் இலங்கையை நனைத்தது அப்படித்தான். அது வந்தால் இந்தக் கட்டுரையின் பாதி செல்லாது, கடைசியில் சொல்கிறேன்.

இந்த மழையில் குளிர் இல்லை என்பதுதான் முக்கியமான விஷயம். சித்திரை, வைகாசியில் இரவிலும் 27, 28 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. மழை பெய்து ஓய்ந்த பிறகு நிலத்திலிருந்து ஆவி கிளம்பும், காற்று நிற்கும், சட்டை முதுகில் ஒட்டும். ஆகவே இங்கே வெளியில் படுப்பவருக்கு இரண்டு எதிரி. ஒன்று மேலிருந்து வருகிற தண்ணீர், மற்றது உள்ளே தேங்குகிற புழுக்கம். பெரும்பாலான ஆட்கள் முதலாவதை மட்டும் யோசித்துக் கூடாரம் வாங்குகிறார்கள்.

லண்டனிலிருந்து வருகிற மச்சான் ஒரு நல்ல கூடாரத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார். அவருடைய அனுபவம் அந்த நாட்டு இசை விழாக்களில் கிடைத்தது. கிளாஸ்டன்பரி விழா ஜூன் கடைசியில் பில்டன் கிராமத்துப் பண்ணை ஒன்றில் நடக்கிறது. 1997, 2005, 2016 ஆண்டுகளின் சேற்றை அங்கே போனவர்கள் இன்னும் கதைப்பார்கள். 2005 இல் ஒரு காலை இடிமழையில் சரிவின் அடியிலிருந்த கூடாரங்கள் கூரை வரை தண்ணீரில் நின்றன. அந்த மழை குளிர் மழை, அந்த நிலம் தண்ணீரை விடாத களி. அதனால் அவர்களுடைய கூடாரம் நிலம் வரை மூடியிருக்கும், காற்று நுழைகிற வழி குறைவு, உடம்புச் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். அங்கே அது சரியான பொருள். அதை வல்வெட்டித்துறையில் சித்திரையில் விரித்து மூன்று பேர் உள்ளே படுத்தால் ஒரு மணித்தியாலத்தில் மூவரும் வெளியே வந்துவிடுவார்கள்.

அறை எடுத்துத் தங்குவது

பருத்தித்துறையில் அல்லது யாழ்ப்பாண நகரில் அறை எடுத்து, இரவு விழாவுக்கு வந்து திரும்புவது பலருக்கு முதலில் தோன்றும் வழி. காய்ந்த கட்டில், மின்விசிறி, குளியலறை. மழையைப் பற்றிக் கவலையே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், சின்னப் பிள்ளைகளோடு வருபவர்கள், முதுகு நோக்காடு உள்ளவர்கள் இதைத்தான் எடுக்கவேண்டும். அவர்களோடு வாதாட மாட்டேன்.

ஆனால் இளம் குழுவுக்கு இது நான் சொல்லாத வழி. காரணம் காசு இல்லை, திரும்பும் பயணம். கடைசி மேடை ஓயும்போது விடியப்போகும். இரவு முழுக்க நின்ற கால், தூக்கம் சொக்கும் கண், மழையில் நனைந்த வீதி. அந்த நேரத்தில் இரண்டு பேர் ஒரு மோட்டார் சைக்கிளில் நகரம் வரை ஓடுவதை நினைத்தால் எனக்கு வயிறு பிசைகிறது. ஓட்டுநரோடு வான் பிடித்தால், அந்த ஓட்டுநர் முன்னிரவில் நன்றாகத் தூங்கியவராக இருந்தால், அறை நல்ல தெரிவு. இல்லையென்றால் விழா நடக்கும் ஊரிலேயே தலையைச் சாய்ப்பதுதான் உயிருக்கு நல்லது.

வானுக்குள்ளேயே படுக்கலாமே என்பார்கள். இரண்டு பேருக்குச் சரி. ஆறு பேருக்குச் சரிவராது. கண்ணாடியைத் திறந்தால் நுளம்பு, மூடினால் மூச்சு முட்டும். இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிரூட்டியில் தூங்குவது ஆபத்து, புகை உள்ளே வந்தால் தூங்குகிறவருக்குத் தெரியாது. ஆனால் வானுக்கு வேறொரு பெரிய உபயோகம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆற்றங்கரை மணலும் சந்நிதி மடமும்

வல்வெட்டித்துறைக் கரையில் கூடாரம் அடிக்கலாம் என்று நினைத்து வருபவர்கள் இடத்தைப் பார்த்ததும் யோசிப்பார்கள். அங்கே பல இடங்களில் கரை கல், மண் தோலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி ஆணி இரண்டு அங்குலத்தில் வளைந்து நிற்கும். மணல் வேண்டுமென்றால் மேற்கே தொண்டைமானாற்றுப் பக்கம் போகவேண்டும், அல்லது பருத்தித்துறையைத் தாண்டி மணற்காட்டு மணல்மேடுகள் வரை.

மணற்காடு அழகான இடம். சவுக்கமரங்கள், மணல்மேடு, பழைய தேவாலயத்தின் இடிபாடு. ஒரு வார இறுதியில் கூட்டாளிகளோடு அங்கே படுப்பது தனிச் சுகம். ஆனால் விழா இரவுக்கு அது தூரம். அப்படிப் போவதென்றால் அறை எடுத்த ஆட்களின் அதே பிரச்சினைதான், கூடவே மழையும். இன்னொன்று, சுருட்டை விரியன் மணல் நிலத்துப் பாம்பு. ரோச் இல்லாமல், செருப்பு இல்லாமல் இரவில் அங்கே நடக்கக்கூடாது.

தொண்டைமானாறு கிட்ட இருக்கிறது. மணலில் ஆணிக்குப் பதிலாக உரப்பையில் மணல் நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் காற்றுக்கு அசையாது. இடத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். தண்ணீர் விளிம்பிலிருந்து விலகி, மேடான பக்கம் பாருங்கள். இரவில் மழை கொட்டினால் எந்தப் பக்கம் வழிந்து ஓடும் என்பதைப் பகலிலேயே பார்த்துவையுங்கள். மலசலகூடம் கிடையாது என்பதையும் மறக்கவேண்டாம். பெண் பிள்ளைகளும் வருகிற குழுவுக்கு இது ஒன்றே போதும் அந்த இடத்தை விட்டுவிட.

பக்கத்தில்தானே செல்வச்சந்நிதி முருகன் கோயில், அதன் மடங்களில் படுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சந்நிதி மடங்கள் அடியவர்களுக்கு அன்னம் கொடுக்கிற இடங்கள். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, மடத்து ஒழுங்குக்கு அடங்கி நடக்கிறவருக்கு அங்கே கதவு திறந்திருக்கும். பாட்டுக் கேட்டுவிட்டு அதிகாலை மூன்று மணிக்கு ஆரவாரத்தோடு வந்து படுக்க அதை விடுதியாக்குவது சரியில்லை. திடீர் மழையில் ஒதுங்க இடம் கேட்டால் எந்த மடமும் இல்லை என்று சொல்லாது. அதைத் திட்டமாக வைத்துக்கொண்டு போகக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு வளவும் பெரிய படங்கும்

என்னைக் கேட்டால், விழா நடக்கும் ஊரில் அல்லது உடுப்பிட்டிப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் வளவைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் கூட்டாளிகள் வட்டத்தில் யாருக்காவது அங்கே ஒரு மாமி, ஒரு சித்தப்பா இல்லாமல் இருக்கமாட்டார்கள். வளவு என்றால் கிணறு இருக்கும், மலசலகூடம் இருக்கும், மதில் இருக்கும், நிலைமை மோசமானால் ஏறி உட்கார விறாந்தை இருக்கும். கொடியேறிய காலத்தில் பல வீடுகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கமாட்டார்கள். அந்த வளவில் அடுப்பு மூட்டுகிறவர்களும் மரக்கறியோடு நின்றுகொள்ளவேண்டும். பூரணையன்று மதுக்கடைகள் பூட்டு. அதை முதல் நாளே வாங்கி ஒளித்துவைக்கிற திட்டத்தோடு மற்றவர் வளவுக்குப் போகவேண்டாம்.

வளவு கிடைத்தால், குழுவின் காசில் முதலில் வாங்கவேண்டியது கூடாரம் இல்லை, படங்கு, அதாவது தறப்பாள். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அளவில், தடித்த ஒன்று. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூடாரம் மழையில் இரண்டு அல்லது மூன்று பேரை உள்ளே அடைக்கும். ஆறு பேர் மூன்று கூடாரத்தில் பிரிந்து, ஒவ்வொருவரும் தன் தொலைபேசி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? படங்கு எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும். நான்கு பக்கமும் திறந்திருப்பதால் புழுக்கம் இல்லை. மழை பெய்யும்போது பிளேன்ரீ போடலாம், ஈரச் சட்டையைக் காயவிடலாம், வாய்விட்டுப் பாடலாம். மேடையில் கேட்ட பாட்டை மழைக்குள் இருந்து சேர்ந்து பாடுகிற சந்தோசம் அடைத்த கூடாரத்துக்குள் கிடைக்காது.

படங்கு என்ற சொல் வந்தால் எங்கள் வீடுகளில் மூத்தவர்களின் முகம் மாறும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. அதற்குப் பிறகு வன்னியில் தறப்பாள் கொட்டிலில் வருடக்கணக்காகக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். நாங்கள் சந்தோசத்துக்காக அதே படங்கின் கீழ் படுக்கப் போகிறோம் என்று சொல்லும்போது அவர்களுக்குள் என்ன ஓடும் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களிடமே கேளுங்கள். மழைக்கு எப்படிக் கட்டுவது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. மூலைக் கண் கிழிந்துபோனால் ஒரு கூழாங்கல்லைப் படங்கில் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டினால் கிழியாது. நடுவில் தண்ணீர் தேங்கவிடாமல் ஒரு பக்கத்தை நன்றாகத் தாழ்த்தவேண்டும். காற்று வரும் பக்கம் தாழ்வாக, மறுபக்கம் உயர்வாக. நிலம் கல்லாக இருந்தால் அலவாங்கால் இடித்துக் கட்டை நடலாம், அல்லது இருபது லீற்றர் தண்ணீர்க் கான்களில் கயிற்றைக் கட்டலாம். கயிறு வழியாகத் தண்ணீர் உள்ளே ஒழுகி வரும். ஓரத்துக்கு வெளியே கயிற்றில் ஒரு சின்ன நூலைத் தொங்கவிட்டால் அங்கேயே சொட்டிவிடும்.

படங்கை எங்கே கட்டுவது என்று பார்க்கும்போது மேலே பாருங்கள். பனைக்குக் கீழே வேண்டாம், காவோலை விழும். தென்னைக்குக் கீழே நிச்சயமாக வேண்டாம். வேம்பு, மா நல்லது, பட்ட கொப்பு இல்லையென்றால். விழா இரவில் புகைக்குண்டும் வாணவெடியும் எங்கே இறங்கும் என்று ஒருவரும் சொல்லமுடியாது. ஒரு பொறி பட்டால் நைலோன் துணி உருகி ஓட்டையாகிவிடும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

சரி, படங்கு மட்டும் போதுமா? போதாது. கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. இலங்கையில் அது கடித்தவர்களில் பெரும்பாலானோர் நிலத்தில் பாய் போட்டுத் தூங்கியவர்கள். அந்தக் கடி பெரிதாக நோகாது, வீக்கமும் குறைவு. வயிற்று நோ வந்தோ, கண் இமை தானாகச் சரிந்தோதான் தெரியவரும். அப்படி ஒன்று நடந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தை விடாமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடித்த இடத்தை வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். மழை பெய்த இரவில் தேளும் மட்டத்தேளும்கூட காய்ந்த இடம் தேடி வரும். ஆகவே படங்கின் கீழே, நிலத்தில் வெறும் பாயில் யாரும் படுக்கக்கூடாது. கட்டில் கிடைத்தால் நல்லது, நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழே செருகிவிடுங்கள். கட்டில் இல்லையென்றால், இங்கேதான் மச்சானின் கூடாரத்துக்கு வேலை வருகிறது. அதன் வெளித்தோலைக் கழற்றி ஒரு பக்கம் வையுங்கள். வலையாலான உட்கூட்டை மட்டும் படங்கின் கீழே நிறுத்துங்கள். சிப்பை மூடினால் பாம்பும் நுளம்பும் வராது, காற்று வரும், மழையைப் படங்கு பார்த்துக்கொள்ளும். இரண்டு தேவையும் ஒன்றாக முடிகிறது. புதிதாக வாங்குகிறவர்களும் வலை அதிகமுள்ள, உள்கூடு தனியாக நிற்கக்கூடிய கூடாரத்தையே வாங்குங்கள்.

படங்கு கிடைக்காமல் கூடாரம் மட்டும்தான் என்றால், வாங்கும்போது துணியின் நீர்த்தாங்குதிறனைப் பாருங்கள். 1500 மில்லிமீற்றர் என்பது சாதாரண மழைக்குக் காணும். சித்திரைக் கொட்டு மழைக்கு 3000 இருந்தால் நிம்மதி, அடித்தளத்துக்கு அதைவிடக் கூட. தையலில் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். உச்சியில் மட்டும் தொப்பி போட்டதுபோல வெளித்தோல் உள்ள மலிவுக் கூடாரங்கள் சரிந்து அடிக்கும் மழையைத் தாங்காது. கீழே விரிக்கும் பொலித்தீன் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை ஏந்தி உள்ளே அனுப்பும், அதை உள்ளே மடித்துவிடுங்கள். அடுப்பையோ நெருப்புச்சட்டியையோ கூடாரத்துக்குள் ஒருபோதும் வைக்கவேண்டாம்.

இடி வந்தால்

மேலே சொன்ன எல்லாவற்றையும் இது மாற்றிவிடும். கூடாரமும் படங்கும் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை. தனித்து உயர்ந்த பனை, மேடைக் கம்பம், திறந்த கடற்கரை எல்லாம் ஆபத்தான இடங்கள். மின்னிய பிறகு 30 செக்கனுக்குள் இடி கேட்டால் கல்வீட்டுக்குள் போங்கள். வீடு எட்டவில்லையென்றால் இரும்புக் கூரையுள்ள வானுக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொள்ளுங்கள். வானுக்கு ஒரு உபயோகம் உண்டு என்றேனே, இதுதான். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகும்வரை வெளியே வரவேண்டாம். வளவைத் தெரிவு செய்யச் சொன்னதில் பாதிக் காரணம், அந்த விறாந்தைக் கதவு பத்து அடியில் இருக்கிறது என்பதே. ஆற்றங்கரையில் அந்தப் பத்து அடி கிடையாது.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடைகள் விடியும்வரை ஓயாது. பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளிய வளவு கிடைத்தால் அதை எடுங்கள், காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்கவேண்டும் என்று யாரையும் வற்புறுத்தவேண்டாம். இரண்டு பேர் வளவில் நின்று சாமான்களைப் பார்க்க, மற்றவர்கள் மேடைக்குப் போய்வந்து மாறிக்கொள்ளலாம். ஈரமில்லாத ஒரு மாற்றுச் சட்டையும் சாரமும் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள், அதை விடியும்வரை யாரும் தொடக்கூடாது.

பயணத்துக்கு மூன்று நாள் முன்பு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். வங்கக்கடலில் தாழமுக்கம் என்று சொன்னால் கூடாரத்தையும் படங்கையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த மாமிக்கு அழைப்பு எடுத்து, வளவுக்குப் பதிலாக உள்ளே விறாந்தையில் ஆறு பாய் விரிக்க இடம் இருக்குமா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த வருடம் பின்னேரம் போய்க் கோயிலில் கும்பிட்டு, நேரத்தோடு ஒரு மேடையைப் பார்த்துவிட்டு, வானில் திரும்புங்கள்.